சுமதிக்கு, சைக்கிள் விஷயமாக

அன்புள்ள சுமதி,

உன் கடிதத்தை நேற்று ராத்திரி படித்தேன், காலையில் எழுந்ததும் மறுபடி ஒரு தடவை படித்தேன். தண்ணீரில் முகத்தை வைக்கவே பயந்தவள் நீ, இன்றைக்கு நிற்காமல் 750 மீட்டர் நீந்துகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. 46 வயதில் இதைச் செய்ய எவ்வளவு பிடிவாதம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அதனால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் உன் முதல் டிரையத்லான் பந்தயத்துக்கு எந்த சைக்கிள் வாங்கலாம் என்ற உன் கேள்விக்கு மேலோட்டமாகப் பதில் எழுத மனசு வரவில்லை. கடிதம் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீ சொன்ன இரண்டில் அந்த டிரையத்லான் சைக்கிள் வேண்டாம். விலை எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம்டி. அந்தப் பழைய அலுமினிய ரோடு பைக்கை, அதாவது சாலைப் பந்தய சைக்கிளை, போய்ப் பார், ஓட்டிப் பார், அளவு உனக்குச் சரியாக இருந்தால் மட்டும் வாங்கு. அளவு சரியில்லை என்றால் அதையும் விட்டுவிட்டு இன்னும் ஒரு மாதம் தேடு.

அளவைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் முதலில் வாங்கிய சைக்கிள் என் உயரத்துக்கு இரண்டு சைஸ் பெரியது. விற்றவர் சீட்டை இறக்கிக்கொண்டால் போதும், எல்லாம் பழகிவிடும் என்றார், விலையும் குறைவாக இருந்தது, நானும் நம்பி வாங்கிவிட்டேன். சீட்டை இறக்கலாம், உண்மைதான், ஆனால் சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரைக்கும் உள்ள தூரத்தை என்ன செய்வது? அரை மணி நேரம் ஓட்டினால் போதும், சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கல்லை வைத்தமாதிரி இருக்கும். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. இறங்கி ஓட ஆரம்பித்தால் இடுப்பு நிமிரவே நிமிராது. வெறும் சைக்கிள் பந்தயம் என்றால் வலியோடு முடித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம், நமக்கு அதற்கப்புறம் 5 கிலோமீட்டர் ஓட்டம் காத்திருக்கிறது. ஐந்து மாதம் சகித்துக்கொண்டு, கடைசியில் பாதி விலைக்கு விற்றேன். அந்த ஐந்து மாதப் பயிற்சி போனதுதான் இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

அதனால் நீ இன்றைக்கே ஒரு காரியம் செய். வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தை இரண்டு கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தமாக மேலே தூக்கிப் பிடி. புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் யாரையாவது அளக்கச் சொல். அந்த அளவை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரைக்கும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தோராயமாகக் கிடைக்கும். உதாரணமாக, 76 சென்டிமீட்டர் என்றால் 67 சொச்சம் வரும். இது அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரால் வழங்கும் கணக்கு. ஆரம்பிக்க இது போதும், அப்புறம் பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சில மில்லிமீட்டர் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் உயரம் சரியானால் பாதிதான் சரி. நீளத்தை ஓட்டித்தான் பார்க்க வேண்டும், தெருமுனை வரை போய்த் திரும்பினால் ஒன்றும் தெரியாது, குறைந்தது கால் மணி நேரம் ஓட்டு. கைகளைப் பிரேக் பிடியின் மேல் வைத்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கக் கூடாது. ஓட்டிக்கொண்டே ஒரு நொடி கைகளைப் பிடியிலிருந்து லேசாகத் தளர்த்திப் பார், முன்னால் போய் விழுகிறமாதிரி இருந்தால் அந்த சைக்கிள் உனக்கு நீளம். சீட் உறுத்தினால் அதற்காக சைக்கிளை வேண்டாம் என்று சொல்லாதே, சீட்டை மாற்றிக்கொள்ளலாம். பழைய ரோடு பைக்குகளில் வரும் ஒடுங்கின சீட் நம்மில் நிறைய பேருக்குச் சரிவராது. உட்காரும்போது பாரம் இரண்டு உட்காரும் எலும்புகளில் நிற்க வேண்டும், நடுவில் மரத்துப்போனால் அதைப் பழக்கம் என்று யார் சொன்னாலும் கேட்காதே.

சரி, டிரையத்லான் சைக்கிள் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று கேட்பாய். அது மோசமான சாமான் இல்லை. ரோடு பைக்கில் சீட் தாங்கும் குழாய் தரையோடு 73, 74 டிகிரி கோணத்தில் சாய்ந்திருக்கும், இதில் 76, 78, சிலதில் இன்னும் செங்குத்தாக இருக்கும். ஆள் முன்னால் நகர்ந்து, ஹேண்டில்பாரிலிருந்து முன்னால் நீட்டியிருக்கும் ஏரோபாரில் முழங்கைகளை ஊன்றி, காற்றுக்குக் கீழே படுத்த மாதிரி ஓட்டலாம். நேரான, நீண்ட சாலையில் 90, 180 கிலோமீட்டர் போகிறவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் அப்படிப் படுத்திருக்கும்போது கை பிரேக்கில் இருக்காது. முதல் பந்தயத்தில் உன்னைச் சுற்றி இருப்பவர்களும் உன்னைப் போலவே புதியவர்கள், திடீரென்று ஒருவர் குறுக்கே வருவார், தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டு வரும். கையை எடுத்துப் பிரேக்குக்குக் கொண்டுபோகிற அந்த ஒரு நொடி எனக்குப் பயம். அதோடு அதைத் தினசரி ஓட்டவும் முடியாது, திருப்பங்களில் முரண்டு பிடிக்கும், நண்பர்களோடு கூட்டமாகப் போகவும் ஒத்துவராது. ரோடு பைக் என்றால் நீ வாரம் நாலு நாள் எடுப்பாய், எனக்கு அதுதான் முக்கியம்.

காற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏரோ ஏரோ என்று சொல்லித்தான் எல்லாரும் விலையை ஏற்றுகிறார்கள். வேகம் கூடக் கூடக் காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்கு, அது உண்மை. ஆனால் அந்தத் தடையில் பெரும்பங்கு சைக்கிளால் வருவதில்லை, மேலே உட்கார்ந்திருக்கிற உன் உடம்பால் வருகிறது. ரோடு பைக்கின் வளைந்த ஹேண்டில்பாரில் கீழ்ப்பக்கம் பிடித்து முழங்கையை மடக்கிக் குனிந்தாலே அதில் ஒரு பங்கு உனக்கு இலவசமாகக் கிடைத்துவிடும். அடுத்த வருஷம் இன்னும் வேண்டும் என்று தோன்றினால், ரோடு பைக்கிலேயே மாட்டிக்கொள்கிற ஏரோபார் இருக்கிறது. 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாளில், 24.5 கிலோமீட்டர் தனியோட்டம் தொடங்கும்போது மொத்தக் கணக்கில் 50 நொடி பின்தங்கியிருந்த லெமாண்ட், கடைசியில் லோரான் ஃபின்யோனை 8 நொடியில் ஜெயித்தாரே, அன்றைக்கு அவர் மாட்டியிருந்தது டிரையத்லான்காரர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த அந்த மாதிரி பார்தான். நம் விளையாட்டிலிருந்து போன சாமான் என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் பெருமையாக இருக்கும். ஆனால் இந்த வருஷம் வேண்டாம்.

கணக்கும் போட்டுப் பார். பந்தயத்தில் சைக்கிள் ஓட்டுகிற 20 கிலோமீட்டரை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 50 நிமிஷம். 26-இல் போனால் 46 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த நாலு நிமிஷம் ஒழுங்காக இரண்டு, மூன்று மாதம் ஓட்டினாலே உனக்கு வந்துவிடும் என்று நம்புகிறேன். சைக்கிளின் எடையில் ஒரு கிலோ குறைவதைப் பற்றியெல்லாம் கவலைப்படாதே, சமதளப் பாதையில் அது தெரியக்கூடத் தெரியாது.

இப்போது அந்தப் பழைய சைக்கிளைப் பார்க்கப் போகும்போது என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். கையில் ஒரு இரும்பு ஸ்கேல் எடுத்துப் போ, 30 சென்டிமீட்டர் ஸ்கேல் பத்தாது, கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும். செயினின் ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வை. செயின் இழுத்துப் பிடித்தமாதிரி இருக்க, பெடலை லேசாக அழுத்திக்கொள். அங்கிருந்து 24 பின் எண்ணு. புது செயினில் 24-ஆவது பின்னின் நடு 304.8 மில்லிமீட்டரில் நிற்கும். 306-ஐத் தாண்டியிருந்தால் செயின் மாற்ற வேண்டிய நேரம், 308-க்குப் போயிருந்தால் பின்னால் இருக்கிற பல்சக்கரங்களும் அதோடு சேர்ந்து தேய்ந்திருக்கும், அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லிக் கேள். விற்கிறவர் நல்ல மனிதராக இருந்தால் நீ அளப்பதைத் தானும் குனிந்து பார்ப்பார்.

அப்புறம் ஃப்ரேம். ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேருகிற இடத்திலும், பெடல் அச்சைச் சுற்றியும் விரலால் தடவிப் பார், பெயின்ட் சுருங்கியோ மயிரிழைக் கோடாக விரிந்தோ இருந்தால் திரும்பி வந்துவிடு, பேரமே வேண்டாம். சீட் கம்பி ஏறி இறங்குகிறதா என்று உன் கண் முன்னால் செய்து காட்டச் சொல், அலுமினிய ஃப்ரேமுக்குள் அது இறுகிப்போயிருந்தால் உன் உயரத்துக்கு வைக்கவே முடியாது. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பு, நடுவில் ஒரு இடத்தில் சிக்கி நின்றால் பேரிங் போயிருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் கவனி. கொஞ்சம் கோட்டம் இருந்தால் பரவாயில்லை, எடுத்துவிடலாம், ஆனால் பிரேக் தேய்த்துத் தேய்த்து ரிம் உள்ளே குழிந்திருந்தால் அது வேறு செலவு. ஃப்ரேம் எண் வழக்கமாகப் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும், வாங்கின பில்லோடு ஒத்துப்பார். திருட்டு சைக்கிளில் ஏறி உன் முதல் பந்தயத்துக்குப் போக வேண்டாம்.

கார்பன் ஃப்ரேம் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் தொடாதே, உள்ளே விரிசல் இருந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம்.

கியரைப் பற்றி நீ ரொம்பக் கவலைப்பட்டிருந்தாய். ஷிமானோ கம்பெனியின் கியர் வகைகளில் கிளாரிஸ் என்றால் பின்னால் 8 பல்சக்கரம், சோரா என்றால் பெரும்பாலும் 9, டியாக்ரா என்றால் பெரும்பாலும் 10, எதுவாக இருந்தாலும் உனக்குப் போதும். முன்னால் 50 பல்லும் 34 பல்லும் உள்ள இரண்டு சக்கரங்கள், பின்னால் பெரிய பல்சக்கரம் 28 அல்லது 32 பல் இருந்தால் மேடு வந்தாலும் இறங்கித் தள்ள வேண்டியிருக்காது. நீ ஏறி மிதிக்கும்போது எல்லாக் கியரும் மாறுகிறதா என்று மட்டும் பார்.

கையில் இருக்கிற பணம் எல்லாவற்றையும் சைக்கிளுக்கே கொட்டிவிடாதே. ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வை. டயர், ட்யூப், கேபிள், பிரேக் கட்டை எல்லாம் பழைய சைக்கிளில் மாற்றத்தான் வேண்டியிருக்கும். ஃப்ரேமில் இடம் இருந்தால் 28 மில்லிமீட்டர் டயர் போடு, குலுக்கல் குறையும். அளவு காட்டுகிற காற்றுப் பம்பு ஒன்றும் வாங்கு, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் காற்றுச் சொல்ல முடியாது. ஹெல்மெட் மட்டும் புதிதாக வாங்கு, யாருடைய பழைய ஹெல்மெட்டையும் வாங்காதே, அது எங்கே எப்படி விழுந்தது என்று உனக்குத் தெரியாது. ஷூவைப் பூட்டிக்கொள்கிற கிளிப் பெடலும் அதற்கான ஷூவும் இப்போதைக்கு வேண்டாம். சாதா பெடலில் ஓடுகிற ஷூவோடு ஓட்டு, இறங்கினதும் ஷூ மாற்றாமல் அப்படியே ஓடலாம், நானும் முதல் பந்தயத்தில் அதைத்தான் செய்தேன்.

ஒருவேளை அந்த ரோடு பைக் சரிவரவில்லை, பணமும் முடை என்றால், உன் மகனின் மவுன்டன் பைக்கை எடுத்துக்கொள். பட்டன் வைத்த டயரைக் கழற்றிவிட்டு வழுவழுப்பான மெல்லிய டயர் போட்டு, முன் சஸ்பென்ஷனைப் பூட்டிவிட்டால் நன்றாகவே ஓடும். பந்தய விதிகளில் அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். என் முதல் பந்தயத்தில் டிரான்ஸிஷனில், அதாவது சைக்கிளை நிறுத்திவைத்து ஒரு போட்டியிலிருந்து அடுத்ததுக்கு மாறுகிற இடத்தில், எனக்குப் பக்கத்து ஸ்டாண்டில் நின்றது கூடை கழற்றின ஒரு பழைய லேடீஸ் சைக்கிள். கூடை மாட்டியிருந்த இடத்தில் துரு வட்டமாகத் தெரிந்தது. அந்தம்மா எனக்கு முன்னால் முடித்தார்.

விதி என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுப்பதற்கு முன்பே ஹெல்மெட் பட்டையைப் போட்டுவிட வேண்டும், திரும்பி வந்து சைக்கிளை மாட்டின பிறகுதான் அவிழ்க்கலாம், தரையில் போட்டிருக்கிற கோட்டைத் தாண்டித்தான் ஏற வேண்டும், கோட்டுக்கு முன்னாலேயே இறங்கிவிட வேண்டும். ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் அடைப்பான் இல்லை என்றால் பரிசோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள், பழைய சைக்கிளில் அது பெரும்பாலும் தொலைந்துபோயிருக்கும், பார்த்துக்கொள். பின் சக்கரத்தைக் கழற்றி ட்யூப் மாற்றி மாட்டுவதை வீட்டிலேயே நாலைந்து தடவை பழகு, ஈரக் கையோடும் ஒரு தடவை செய்து பார்.

இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை, சாயங்காலம் என்னோடு கொஞ்ச தூரம் நடக்கிறார். சின்னவள் என் சைக்கிளைக் கேட்க ஆரம்பித்திருக்கிறாள், இன்னும் இரண்டு அங்குலம் வளரட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன். உன் அண்ணனுக்கு ஆபரேஷன் முடிந்து இப்போது எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிதான் எழுதியிருந்தாய்.

புத்தகம் வைத்து அளந்த அளவை எனக்கு உடனே அனுப்பு. சைக்கிளைப் பார்க்கப் போகும்போது செயின் பக்கத்தையும் பெடல் அச்சின் அடிப்பக்கத்தையும் கிட்டத்தில் போட்டோ எடு, பணம் கொடுப்பதற்கு முன்னால் எனக்குப் போன் பண்ணு, எந்த நேரமாக இருந்தாலும் எடுப்பேன்.

அன்புடன்,
கலா