கிளட்ச் ஒட்டினால் லோ கியரில் இழுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல மாதம் ஓடாமல் நின்ற பழைய ஜீப், லேண்ட்ரோவர் வண்டிகளில் அடிக்கடி வருகிற கோளாறு இது: பெடல் வழக்கம்போல மிதிபடும், ஆனால் இன்ஜின் ஓடும்போது கியர் விழாமல் கறகறக்கும். ஈரத்தில் ஃப்ளைவீலின் (இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) முகம் துருப்பிடித்து, இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகும் கிளட்ச் பிளேட் அதோடு ஒட்டிக்கொள்வதால் வருவது. இதற்குப் பலரும் சொல்லும் இரண்டு வைத்தியங்கள் வண்டியையே கெடுத்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

ஒட்டியிருப்பது பிளேட்தானா என்று முதலில் பாருங்கள். இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் கீழே ஸ்லேவ் சிலிண்டரின் (பெடலிலிருந்து வரும் எண்ணெய் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் சிலிண்டர்) கம்பியைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அது 12 மி.மீ. அளவுக்காவது நகரும். இரண்டு மூன்று மி.மீ.யோடு நின்றால் எண்ணெய் லைனில் காற்று இருக்கிறது, அல்லது பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. கம்பி சரியாக நகர்கிறதா? கட்டையை எடுத்து, கியரில் போட்டு, பெடலை மிதித்தபடி தள்ளுங்கள். அசையவே இல்லை என்றால் பிளேட் ஒட்டியிருக்கிறது. வண்டி உருண்டும் கியர் கறகறத்தால் பைலட் புஷ் (கியர்பாக்ஸ் தண்டின் முனையை இன்ஜின் பக்கம் தாங்கும் புஷ்) வறண்டிருக்கலாம்.

இனி அந்த இரண்டு வைத்தியங்கள். லோ ரேஞ்ச் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர் வரிசை; சாதாரண ஓட்டத்துக்கானது ஹை ரேஞ்ச்), முதல் கியரில் ஸ்டார்ட் செய்து பிரேக் அடிக்கச் சொல்வார்கள். பிளேட்டைப் பிய்க்கத் தேவையான விசை எந்த கியரிலும் ஒன்றுதான். ஆனால் அது ஆக்சிலுக்குப் போகும்போது ஹை ரேஞ்ச் டாப் கியரில் சுமார் 5 மடங்காகிறது, லோ ரேஞ்ச் முதல் கியரிலோ 25 மடங்கையும் தாண்டுகிறது. பிளேட் விடுவதற்குள் ஆக்சில் தண்டு முறிந்துவிடும். அடுத்தது, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் துளை வழியாகத் துரு நீக்கும் எண்ணெய் அடிப்பது. பிளேட்டில் ஒட்டியிருக்கும் உராய்வு லைனிங் அதைக் குடித்துவிட்டால் பிறகு கிளட்ச் வழுக்கும், பிளேட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

இவற்றுக்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். இன்ஜினை 20 நிமிடம் ஓட்டிச் சூடாக்கி அணையுங்கள். பெடலை முழுக்க அமுக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே மரக்கட்டை வைத்து ஓர் இரவு விடுங்கள். பல வண்டிகளில் இதுவே போதும். விடவில்லை என்றால் ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில், ஹை ரேஞ்ச் முதல் கியரில் வைத்து ஸ்டார்ட்டரைப் போடுங்கள். வண்டி உடனே நகரும், எதிரே தாராளமாக இடம் வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுக் கிளட்ச் இல்லாமலே மூன்றாவது கியருக்கு வந்து, பெடலை அடிவரை மிதித்தபடி, ஆக்சிலேட்டரைக் கொடுத்துக் கொடுத்து விடுங்கள். நிறுத்த சாவி, பழைய டீசல் வண்டியானால் ஸ்டாப் கம்பி கைக்கெட்ட இருக்கட்டும்.

பிளேட் விட்ட பிறகு கிளட்சை நாலைந்து முறை மெதுவாக வழுக்கவிட்டு எடுத்தால் துரு தேய்ந்துபோகும். அப்படியும் அதிர்ந்தால் லைனிங் பிய்ந்திருக்கலாம். கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது, முகக்கவசம் போட்டு ஈரத்துணியால் துடையுங்கள்.

லேண்ட்ரோவர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஆற்றில் இறங்கும்முன் ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடியில் திருகும் பிளக்கைக் கரையேறியதும் கழற்றிவிடுங்கள். அப்படியே விட்டால் உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியிருக்காது.

இப்படிக்கு,
பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் வாசகர்