ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை குடுங்க

அமெரிக்க காலேஜ் விளையாட்டை நடத்தற என்சிஏஏவோட டிவிஷன் ஒன் (முதல் நிலை) ஆண்கள் லக்ராஸ் கமிட்டிக்கும், கான்ஃபரன்ஸ் (காலேஜ் டீம்கள் சேர்ந்து ஆடற லீக்) கமிஷனர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் கோச்சும் இல்ல, ப்ளேயரும் இல்ல. பால்டிமோர் பக்கம் குடியிருக்கேன், பிப்ரவரி குளிர்ல சீசன் ஆரம்பிச்சா மே கடைசியில மெமோரியல் டே ஃபைனல் முடியற வரைக்கும், வலை வச்ச ஸ்டிக்கால பந்தை வீசிப் பிடிச்சு கோல் போடற இந்த காலேஜ் லக்ராஸ் தான் எனக்கு எல்லாம். என் அக்கா பையன் கான்ஃபரன்ஸ் இல்லாத ஒரு சின்ன காலேஜ் டீம்ல ஆடினான், அந்த மாதிரி டீம்கள் ஏப்ரல்ல மேட்ச் கிடைக்காம படற கஷ்டம் அவனால தான் எனக்கு உறைச்சுது.

ஒரு ஏப்ரல் சனிக்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். நல்ல வெயில், க்ரவுண்ட்ல கோடெல்லாம் பளிச்சுன்னு போட்டு வச்சிருக்காங்க, ஆனா மேட்ச் இல்ல. டீமையே ரெண்டா பிரிச்சு பாதிப் பேருக்கு வெள்ளை ஜெர்சி, பாதிப் பேருக்கு பச்சை ஜெர்சின்னு குடுத்து அவங்களுக்குள்ளயே ஆடிட்டு இருந்தாங்க, ஸ்கோர்போர்டு கூட போடல. இவன் ஓரமா உக்காந்து ஸ்டிக் வலையோட கயிறை அவுக்கறதும் மறுபடி கட்டறதுமா இருந்தான். என்னடான்னு கேட்டா, "எல்லாரும் கான்ஃபரன்ஸ் மேட்ச்ல இருக்காங்க மாமா, எங்களோட ஆட யாரு வருவா"ன்னான். மூணு வாரத்துல அவங்களுக்கு ஒரே ஒரு மேட்ச்.

உங்களுக்குத் தெரியாதது இல்ல. பிப்ரவரி, மார்ச்ல எல்லாரும் எல்லாரோடயும் ஆடுவாங்க, ஏப்ரல் வந்தா அவங்கவங்க கான்ஃபரன்ஸுக்குள்ள போய் கதவை சாத்திக்குவாங்க, அதுக்கப்புறம் கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட், அதுல ஜெயிச்சா 18 டீம் ஆடற என்சிஏஏ டோர்னமென்ட்ல நேரா ஒரு இடம். கான்ஃபரன்ஸ் இல்லாத டீமுக்கு இருக்கிற ஒரே வழி நீங்க பார்த்து தேர்ந்தெடுக்கறது தான். அதுக்கு வைக்கிற ஆர்பிஐங்கற ரேட்டிங் கணக்குல ஒரு டீமோட சொந்த வெற்றி தோல்வி ரெக்கார்டுக்கு கால் பங்கு, மீதி முக்கால் பங்கு எதிர்ல ஆடினவங்க, அவங்களோட ஆடினவங்க ரெக்கார்டை வச்சு வருது. அப்போ நல்ல டீம் யாரும் தேதி குடுக்கலன்னா அந்த முக்கால் பங்குக்கு பசங்க எங்க போவாங்க? ஆட மாட்டேன்னவங்களுக்கு நஷ்டம் இல்ல, கேட்டு நின்னவங்களுக்குத் தான் மார்க் குறையுது.

கான்ஃபரன்ஸ் இல்லன்னா தரம் இல்லன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வரும். 2009ல சிரக்யூஸ் தனி டீமா தான் ஆடினாங்க. ஃபைனல்ல கார்னெல் கூட, மேட்ச் முடிய சில செகண்ட் இருக்கும்போது கீழ விழுந்த பந்தை அள்ளி வீசி சமன் பண்ணி, ஓவர்டைம்ல 10-9ன்னு கப்பை தூக்கினாங்க. எங்க ஊர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2007ல ஒன்பதாவது என்சிஏஏ பட்டம் வாங்கினதும் தனியா இருந்து தான். பெரிய பேர், அவங்க சொந்த க்ரவுண்டான ஹோம்வுட் ஃபீல்டுக்கு யாரைக் கூப்பிட்டாலும் ஓடி வருவாங்க, அதனால அவங்களால தாக்குப் பிடிக்க முடிஞ்சது. அவங்களே 2013ல, 41 வருஷம் விடாம போயிட்டு இருந்த என்சிஏஏ டோர்னமென்டுக்குள்ள போக முடியாம வெளிய நின்னாங்க, அதே வருஷம் பிக் டென் கான்ஃபரன்ஸ்ல சேரறோம்னு அறிவிச்சாங்க. பிக் டென்னுக்கும் அவங்க தேவைப்பட்டாங்க, ஏன்னா நேரடி இடம் வாங்க ஆறு டீம் வேணும், கையில அஞ்சு தான் இருந்துது.

ஹாப்கின்ஸுக்கே அந்த நிலைமைன்னா புதுசா ஆரம்பிக்கிறவங்க கதி என்ன? வர்ஜீனியால ஹாம்ப்டன் 2016ல டீம் ஆரம்பிச்சாங்க. கறுப்பின மாணவர்களுக்காக உருவான யூனிவர்சிட்டி, அதே மாதிரி யூனிவர்சிட்டியான மார்கன் ஸ்டேட் டீம் மூடினதுக்கப்புறம் அந்த வரிசையில டிவிஷன் ஒன்ல ஆட ஆள் இல்லாத இடத்துல வந்து நின்னாங்க, அவங்களுக்கும் ஆரம்பத்துல கான்ஃபரன்ஸ் கிடையாது. யூட்டா 2019ல வந்தாங்க, சால்ட் லேக் சிட்டியில இருந்து பக்கத்து டீம்னு சொல்லிக்கிற டென்வருக்கே 500 மைலுக்கு மேல போகணும். கடைசியில ஏசன் கான்ஃபரன்ஸ்ல இடம் கிடைச்சுது, 2023ல அங்க ஜெயிச்சு என்சிஏஏ டோர்னமென்டுக்கே போனாங்க. அதே பசங்க தனியாவே இருந்திருந்தா அந்தக் கதவு திறந்திருக்குமான்னு யோசிச்சுப் பாருங்க.

இவங்க ரெண்டு மூணு பேர் தானேன்னு தயவுசெஞ்சு விட்றாதீங்க. கான்ஃபரன்ஸுங்க கலையும், நோட்ர டேம், ஒஹாயோ ஸ்டேட் எல்லாம் இருந்த கிரேட் வெஸ்டர்ன் லீக் இன்னைக்கு இல்ல. நாளைக்கு எந்த டீம் நடுத்தெருவுல நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு தான். ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமையை எல்லா கான்ஃபரன்ஸும் காலியா விடுங்க, அன்னைக்கு கான்ஃபரன்ஸ் மேட்ச் வேண்டாம், கான்ஃபரன்ஸ் இல்லாத டீம் கேட்டா அவங்களுக்கு முதல்ல தேதி குடுங்க. கமிட்டி அந்த டீம்களோட ரெக்கார்டை எடுக்கும்போது யார் யாரை மேட்ச் கேட்டாங்க, யார் மறுத்தாங்கன்ற லிஸ்டையும் கோச்கிட்ட வாங்கிப் பாருங்க. பஸ் செலவு எங்களுதுன்னு சொல்லியும் மறுத்திருக்காங்க, என் அக்கா பையனோட கோச் அந்த ஈமெயில் எல்லாம் பத்திரமா எடுத்து வச்சிருக்கார்.

இப்படிக்கு,
பால்டிமோர்ல இருந்து ஒரு லக்ராஸ் ரசிகன்