பிரவுசிங் சென்டர் நடத்துபவர்களுக்கு: அந்த விருப்பப் பட்டியல் பிள்ளைகளுடையது

உசிலம்பட்டி, பேரையூர், செக்கானூரணி, திருமங்கலம் பக்கம் பிரவுசிங் சென்டரும் ஜெராக்ஸ் கடையும் நடத்தும் தம்பிமார்களுக்கும் தங்கச்சிமார்களுக்கும் வணக்கம்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுப்பவள். உங்களில் பலர் என்னிடமோ என்னைப் போன்ற ஒரு டீச்சரிடமோ திட்டு வாங்கி வளர்ந்தவர்கள்தான். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று பிள்ளைகள் வரிசைப்படுத்திக் கொடுக்கும் விருப்பப் பட்டியலைப் பற்றி அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மே மாதம் ரிசல்ட் வந்த கையோடு உங்கள் கடை வாசலில் செருப்பு குவிந்துவிடும். இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு அப்ளிகேஷன் போட வந்த பிள்ளை; கையில் பிளாஸ்டிக் கவரில் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், டி.சி.; பின்னால் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த அப்பா. அரசே இதற்குச் சேவை மையங்கள் வைத்திருக்கிறது, இலவசம். அது எங்கே இருக்கிறது என்று அந்த அப்பாவிடம் யாரும் சொன்னதில்லை. உங்கள் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், தெரிந்த முகம். நீங்கள் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார்கள். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயமில்லை.

2018-க்கு முன்னால் கவுன்சலிங் என்றால் சென்னைக்குப் போக வேண்டும். மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் ஏறி, விடிகாலை கோயம்பேட்டில் இறங்கி, முகம் கழுவி, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் போய்க் காத்திருக்க வேண்டும். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் ஓடும். முறை வந்ததும் பிள்ளை உள்ளே போய் ‘இந்தக் கல்லூரி, இந்தப் பிரிவு’ என்று தன் வாயால் சொல்லும். அந்த அலைச்சலும் செலவும் திரும்ப வரவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். 2018-இல் எல்லாம் ஆன்லைனுக்கு வந்தது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. நல்லதுதான். ஆனால் அன்றைக்குப் பிள்ளை உட்கார்ந்த நாற்காலியில் இன்றைக்கு நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எங்கள் மாணவி ஒருத்தி. கணக்கில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90. கணக்கை முழுசாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் எடுத்தால் 92, 44, 45. ஆக, ரேங்க்குக்கு எடுக்கும் மார்க் 200-க்கு 181. ஒரு நோட்டில் தன் ஆசைப்படி வரிசை எழுதிக்கொண்டு போனாள். முதலில் கிண்டி பொறியியல் கல்லூரி, அடுத்து திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரி, பிறகு மற்றவை. கடையில் இருந்தவர் நோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “181-க்கு இதெல்லாம் வராது பாப்பா, வராததை எதுக்கு வீணாப் போட்டுக்கிட்டு” என்று மேலே இருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, தன்னிடம் இருந்த பட்டியல் ஒன்றை ஏற்றி லாக் பண்ணிவிட்டார். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அவளுக்கு அந்த இரண்டு கல்லூரியும் கிடைத்திருக்குமா என்பதல்ல என் வழக்கு. போட்டிருந்தால் என்ன நட்டம் என்பதுதான்.

ஒரு நட்டமும் இல்லை. இடம் ஒதுக்கும் கம்ப்யூட்டர் ரேஷன் கடைக்காரர் மாதிரி, வரிசைப்படிதான் கூப்பிடும். ரேங்க்கில் முன்னால் இருப்பவர்களை முடித்துவிட்டு உங்கள் பிள்ளையிடம் வரும்போது அதன் பட்டியலை மேலிருந்து படிக்கும். முதலாவது இருக்கிறதா? இல்லை. இரண்டாவது? இல்லை. மூன்றாவது? இருக்கிறது, கொடுத்துவிடு, அடுத்த ஆள். மேலே பத்துக் கிடைக்காத கல்லூரி இருந்தாலும் பதினொன்றாவதில் அந்தப் பிள்ளைக்கு உள்ள உரிமை துளியும் குறையாது. இத்தனைதான் போடலாம் என்ற வரம்பும் கிடையாது. ஆசையை மேலே, நிச்சயத்தைக் கீழே, இரண்டுக்கும் நடுவில் நிறைய. இவ்வளவுதான் சூத்திரம்.

போன வருசத்துக் கட்-ஆஃப்பைப் பார்த்துத்தான் சொல்கிறோம் டீச்சர் என்பீர்கள். எந்தப் பிரிவின் கட்-ஆஃப்? பொதுப்பிரிவுக்கு ஒரு கடைசி மார்க், பி.சி.க்கு ஒன்று, எம்.பி.சி.க்கு ஒன்று, எஸ்.சி.க்கு ஒன்று; அதற்கு மேல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு தனி. ஒரே கல்லூரியில் சிவிலுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும். ஒரே ஒரு எண்ணைப் பார்த்து ‘வராது’ என்று தீர்ப்புச் சொல்ல எனக்கே தைரியம் வராது. நான் கணக்கு டீச்சர்.

அடுத்தது அந்த ‘அப்வர்ட்’, அதாவது கிடைத்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலில் அதற்கு மேலே எழுதியதற்குக் காத்திருப்பது. இன்னொரு பையனுக்கு வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தது. கடையில் ‘ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன்’ என்பதை அழுத்திவிட்டார்கள். மேலே என்ன இருந்தது? அவன் எழுதாத, கடையில் சேர்த்த, செங்கல்பட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்று. அது கிடைத்துவிட்டது. மேலே ஒன்று கிடைத்தால் கையில் இருந்தது போய்விடும், திரும்ப வராது. அந்த அம்மா பள்ளிக்கு வந்து “பழையதையே வாங்கிக் குடுங்க டீச்சர்” என்று நின்றபோது சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆகவே, கிடைத்தால் போகத் தயாராக இல்லாத கல்லூரி எதுவும் பிடித்த கல்லூரிக்கு மேலே இருக்கக் கூடாது. பெயர் ஒன்றுபோல இருக்கும் கல்லூரிகள் வேறு ஏராளம். பெயரை நம்பாமல் கல்லூரி எண்ணைப் பார்த்து அடியுங்கள்.

நம் வட்டாரத்துக்கென்றே ஒரு விஷயம் உண்டு. 7.5 சதவீதம் வேண்டுமென்றால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கள்ளர் சீரமைப்புப் பள்ளியும் அதில் சேர்த்தி. ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் மாநகராட்சிப் பள்ளியும் அப்படியே. அரசு உதவிபெறும் பள்ளி சேராது. பெயரைப் பார்த்துக் குழம்பி, கள்ளர் பள்ளியில் படித்த பிள்ளைக்கு ‘உதவிபெறும் பள்ளி’ என்று போட்டுவிட்ட விண்ணப்பத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சான்றிதழ் சரிபார்ப்பில் நல்லவேளையாகப் பிடித்தார்கள். அந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. ஒரு கிளிக்கில் நாலு வருசப் படிப்புச் செலவு ஒரு குடும்பத்தின் தலையில் விழுந்திருக்கும். முதல் பட்டதாரி சான்றிதழையும் முன்கூட்டியே கேளுங்கள். தாலுகா ஆபீஸில் அந்த மாதம் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன் நம்பர். அப்பாவிடம் போன் இல்லை, இருந்தாலும் சார்ஜ் இல்லை, ஓ.டி.பி. வரணும் என்று உங்கள் நம்பரையே போட்டுவிடுகிறீர்கள். அவசரத்துக்குச் சரி. பிறகு இடம் ஒதுக்கிய செய்தி உங்களுக்கு வரும். உறுதிசெய்ய இருப்பதோ சில நாள். அன்றைக்குப் பார்த்து நீங்கள் மச்சான் கல்யாணத்துக்குப் போயிருப்பீர்கள். வீட்டில் யாருக்காவது போன் இருந்தால் அந்த நம்பர், இல்லாவிட்டால் வகுப்பு ஆசிரியர் நம்பர். பாஸ்வேர்டை எழுதிப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.

கமிஷன் பேச்சும் காதுக்கு வராமல் இல்லை. ‘எங்க காலேஜை முதல் இடத்துல போடு, தலைக்கு இவ்வளவு’ என்று பேரம் பேச ஆள் வருவதாகச் சொல்கிறார்கள். உங்களில் பெரும்பாலோர் அதைத் தொடமாட்டீர்கள் என்று நம்புகிறேன். தொடுகிறவர்களுக்கு இந்த மடலில் வணக்கம் கிடையாது.

நான் கேட்பது இலவச வேலை அல்ல. விண்ணப்பத்துக்கு வாங்கும் காசை வாங்குங்கள். பட்டியலை லாக் பண்ணுவதற்கு முன் ஒரு பிரிண்ட் எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்து, ஒரு ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மறுநாள் வந்து அது மாற்றச் சொன்னால் முகம் சுளிக்காமல் மாற்றுங்கள். அந்த இரண்டு ரூபாய் பிரிண்டுக்கும் பில் போடுங்கள், பரவாயில்லை.

ரேங்க் பட்டியல் வந்த பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை உட்காரவைத்து வரிசை எழுதச் சொல்லித் தருகிறோம். நீங்களும் வாருங்கள். கம்ப்யூட்டரில் எங்கே எதை அழுத்துவது என்பதில் எங்களைவிட நீங்கள்தான் கெட்டிக்காரர்கள். அதை எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். டீ, வடை எங்கள் செலவு.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்,
உசிலம்பட்டி வட்டாரம்.