பொருளாதாரத் துறை ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

முனைவர் பட்டத்தை முடிக்கப்போகும் மாணவருக்கு இரண்டு இடங்களிலிருந்து வேலைக்கு அழைப்பு வருகிறது. ஒன்று பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறை, மற்றது ஒரு பிசினஸ் ஸ்கூல். உங்களிடம் யோசனை கேட்கிறார். "காசு வேண்டுமென்றால் அங்கே போ, ஆராய்ச்சி செய்யவேண்டுமென்றால் துறைக்கு வா" என்று உங்களில் பலர் சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். தயவுசெய்து இனி அப்படிச் சொல்லாதீர்கள்.

சம்பளம் பொதுவாக அங்கே கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆராய்ச்சி பற்றிச் சொல்வது தவறு. ஏலக் கோட்பாட்டுக்காக 2020-இல் பொருளாதார நோபல் பெற்ற ராபர்ட் வில்சன் ஸ்டான்ஃபோர்டு பிசினஸ் ஸ்கூலில் பேராசிரியராக இருந்தவர். அவரோடு அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட பால் மில்க்ரோம், 2012-இல் பெற்ற ஆல்வின் ராத், 2016-இல் பெற்ற பெங்ட் ஹோல்ம்ஸ்ட்ராம் மூவருமே அவரிடம் ஆய்வு செய்தவர்கள். நிதித்துறை ஆய்வாளர்கள் இன்றும் நம்பியிருக்கும் சிஆர்எஸ்பி பங்கு விலைத் தரவு மையம் 1960-இல் தொடங்கியதும் சிகாகோவின் பிசினஸ் ஸ்கூலில்தான்.

உண்மையான வித்தியாசம் அன்றாட வேலையில் இருக்கிறது. எம்.பி.ஏ. வகுப்பில் பெயர் அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பலர் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். விலை நெகிழ்ச்சிக்கான, அதாவது விலை மாறினால் விற்பனை எவ்வளவு மாறும் என்பதற்கான சூத்திரத்தைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் ஒரு கை உயரும்: "சரி, எங்கள் கம்பெனியில் விலையை ஏற்றலாமா, கூடாதா?" போட்டியாளர் என்ன செய்வார், எந்த வாடிக்கையாளர் விலகுவார் என்று நின்ற இடத்திலேயே அவரோடு சேர்ந்து யோசிக்க வேண்டும். எனக்கு இது மிகவும் பிடிக்கும். இதைத் தாங்கவே முடியாத நல்ல ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

துறையில் இளங்கலை மாணவர்கள் நிறைந்த பெரிய அரங்கு இருக்கிறது. அப்புறம், இரண்டாவது ஸ்லைடிலேயே நிறுத்தி "இது காரணமா, வெறும் தொடர்புதானா?" என்று குடையும் கருத்தரங்கு. அதைவிட முக்கியமாக, கூட வேலை செய்ய முனைவர் பட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். பிசினஸ் ஸ்கூல்கள் பலவற்றில் பொருளாதாரத்துக்கு அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. தொழில் அமைப்பு (நிறுவனங்கள் சந்தையில் போட்டியிடும் விதம்), நிதி, ஒப்பந்தக் கோட்பாடு படித்தவருக்கு அங்கே பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை. வளர்ச்சிப் பொருளாதாரமோ தொழிலாளர் பொருளாதாரமோ செய்பவர் தனித்துப்போகக்கூடும்.

நிரந்தரப் பதவி விஷயத்தையும் மறைக்காதீர்கள். பிசினஸ் ஸ்கூலில் அதை முடிவு செய்யும் குழுவில் மார்க்கெட்டிங், கணக்கியல் ஆட்களும் இருப்பார்கள். பொருளாதார இதழில் ஒரு கட்டுரை வெளிவரப் பல வருடங்கள் ஆகலாம் என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நிரந்தரமாக எத்தனை கட்டுரை வேண்டும், எந்த இதழ்களில் என்று வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்கச் சொல்லுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. இரண்டு இடத்திலும் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க மாணவரை அனுப்புங்கள். அங்கே நிரந்தரப் பதவி கிடைக்காமல் வெளியேறியவர் ஒருவரோடும் பேச ஏற்பாடு செய்யுங்கள். இதையெல்லாம் நேர்முகத் தேர்வுகள் தொடங்குவதற்கு முன்பே செய்யுங்கள். அழைப்பு வந்தபின் யோசிக்கக் கிடைப்பது சில வாரங்கள்தான்.

அன்புடன்,
பொருளாதாரத் துறையில் படித்து, பிசினஸ் ஸ்கூலில் பாடம் நடத்தும் ஒருவர்