எந்த நிற ஒளி, எவ்வளவு ஆழம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஒளி பட்டதும் செயல்படத் தொடங்கும் உலோக மருந்துகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தலைப்பில் 'பக்கவிளைவே இல்லாத புற்றுநோய் சிகிச்சை' என்று போட்டிருந்தீர்கள். மிகுந்த நம்பிக்கை தரும் துறைதான் இது. ஆனால், அந்தத் தலைப்பை நம்பி ஒருவர் நடந்துகொண்டிருக்கும் கீமோவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் அது உயிருக்கே ஆபத்து. ஆகவே கட்டுரையில் விடுபட்டவற்றை எழுதுகிறேன்.

ஒளியை உறிஞ்சிய மூலக்கூறு பொதுவாகச் சில நானோவிநாடிகளிலேயே அந்த ஆற்றலை இழந்துவிடும். நடுவில் ருத்தேனியம், இரிடியம் போன்ற கனமான உலோக அணு இருந்தால், மூலக்கூறு எளிதாக 'மும்மை நிலை' என்ற, ஆற்றலைச் சட்டென்று இழக்காத நிலைக்கு மாறிக் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். அந்த அவகாசத்தில் அருகில் வரும் ஆக்சிஜனுக்கு ஆற்றல் கைமாறி, சிங்லெட் ஆக்சிஜன் என்ற, வீரியமாக வினைபுரியும் ஆக்சிஜன் உருவாகிறது. செல்லைக் கொல்வது அதுதான். அதன் ஆயுள் சில மைக்ரோவிநாடிகள்; ஒரு செல்லின் அகலத்தைக் கடப்பதற்குள் தீர்ந்துவிடும். ஒளி படாத இடம் தப்பிப்பது இதனால்தான்.

ஆனால் வெளிச்சம் சிகிச்சை அறையோடு முடிந்துவிடுவதில்லை. இந்தச் சிகிச்சை முறையின் முன்னோடி மருந்தான போட்டோஃப்ரின் 1993-இல் கனடாவில் அனுமதி பெற்றது. அதில் உலோகம் இல்லை. ஆனாலும் அதன் பாடம் பொதுவானது. ஊசி போட்டபின் குறைந்தது 30 நாள் தோலும் கண்ணும் வெளிச்சத்தைத் தாங்காது. சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டால் போதும் என்று பலர் நினைப்பார்கள். அது புற ஊதாக் கதிரைத்தான் தடுக்கும்; இந்த மருந்தைத் தூண்டுவதோ கண்ணுக்குத் தெரியும் ஒளி. உடலை மூடும் துணியும் கறுப்புக் கண்ணாடியும்தான் பாதுகாப்பு. அதற்காக இருட்டறையில் அடைந்து கிடப்பதும் தவறு. வீட்டுக்குள் இருக்கும் சாதாரண வெளிச்சம் தோலில் மிச்சமிருக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துச் செயலிழக்கச் செய்யும்.

அடுத்தது ஒளியின் நிறம். ருத்தேனியம் சேர்மங்கள் பெரும்பாலும் நீல, பச்சை ஒளியைத்தான் நன்றாக உறிஞ்சுகின்றன. நீல ஒளி திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டர் போவதே பாடு. ரத்தத்தின் ஹீமோகுளோபின் அதை விழுங்கிவிடும். 630 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட சிவப்பு ஒளி ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் போகும். அலைநீளத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் வழியில்லை. சுமார் 850 நானோமீட்டரைத் தாண்டினால், சிங்லெட் ஆக்சிஜனை உருவாக்கும் அளவுக்கு ஃபோட்டானில் (ஒளித்துகளில்) ஆற்றல் இருக்காது.

ஆழம் குறைவு என்பது எல்லா இடத்திலும் குறை அல்ல. டி.எல்.டி-1433 என்ற ருத்தேனியம் சேர்மம் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் மனிதர்களிடம் சோதிக்கப்படுகிறது. மருந்துக் கரைசலைக் குழாய் வழியாகப் பையில் நிரப்பி, ஊறவிட்டு, கழுவி வெளியேற்றியபின், உள்ளே ஒளியிழையைச் செலுத்திச் சுவர் முழுவதும் பச்சை ஒளி பாய்ச்சுகிறார்கள். புற்று உட்படலத்தில் இருக்கிறது. ஒளியும் அந்த மட்டோடு நின்றுவிடுவதால் கீழே உள்ள தசை தப்பிக்கிறது. புராஸ்டேட் போன்ற உள் உறுப்புக்கு இது உதவாது. புராஸ்டேட் புற்றுக்கான, பல்லேடியம் அணு கொண்ட படேலிபோர்ஃபின் மருந்துக்கு இன்னும் ஆழம் போகும் 753 நானோமீட்டர் ஒளி. அதற்கும் இழைகளை உறுப்புக்குள்ளேயே குத்திச் செலுத்தியாக வேண்டும். ஐரோப்பா 2017-இல் இதை அனுமதித்தது. அமெரிக்காவிலோ, 2020-இல் மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் ஆலோசனைக் குழு எதிராக வாக்களித்தது.

கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவாக இருப்பது இன்னொரு தடை. விளக்கை அதிக வலுவில் வைத்தால் இருக்கிற ஆக்சிஜனும் வேகமாகத் தீர்ந்து, சிகிச்சை பாதியில் செயலற்றுப்போகும். அதனால்தான் ஒளியை மிதமாகவோ, இடைவெளி விட்டோ கொடுக்கிறார்கள். ஆக்சிஜனை நம்பாத, அசைடு (மூன்று நைட்ரஜன் அணுக்கள் கொண்ட தொகுதி) சேர்ந்த பிளாட்டினம்(IV) சேர்மங்களும் ஆய்வில் உள்ளன. ஒளி பட்டால் அவை உடைந்து, டி.என்.ஏ-வைப் பிணைக்கும் பிளாட்டினத்தை விடுவிக்கின்றன. இந்த வழி மீது எனக்குத் தனி எதிர்பார்ப்பு உண்டு.

ஒளி பட்டால் மருந்தின் வீரியம் 'ஆயிரம் மடங்கு' என்று கட்டுரையில் வந்தது பற்றியும் சொல்ல வேண்டும். பாதிச் செல்களைக் கொல்ல இருட்டில் தேவைப்படும் மருந்துச் செறிவை, ஒளியில் தேவைப்படும் செறிவால் வகுத்து வருவதே இந்த எண். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் ஒளியை 15 நிமிடம் கொடுத்தால் 90 ஜூல்; அதைப் பாதியாக்கினால் எண்ணும் மாறிவிடும். சோதனைக்கூட விளக்கு வெளிச்சத்திலேயே மருந்தைக் கலந்தால், ஒப்பிடுவதற்காக இருட்டில் வைக்கும் செல் தட்டும் கெட்டுவிடும். விளக்கின் சூட்டிலேயே செல்கள் செத்திருக்கலாம் என்பதால், மருந்தில்லாமல் ஒளி மட்டும் பட்ட தட்டும் அவசியம். மருந்தைக் கரைக்கப் பயன்படும் டி.எம்.எஸ்.ஓ என்ற திரவமும் கவனிக்க வேண்டிய ஒன்று. சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினம் கீமோ மருந்தைப் போன்ற சேர்மங்களில் அது உலோகத்தோடு தானே பிணைந்து மருந்தை வேறொன்றாக மாற்றிவிடும். இத்தனையும் சரியாகச் செய்தாலும், தட்டில் ஒற்றை அடுக்காகப் பரவிய செல்களுக்கு ஒளியும் ஆக்சிஜனும் தடையின்றிக் கிடைக்கின்றன. கட்டிக்குள் அப்படியல்ல.

இனி இத்தகைய செய்தி வரும்போது அலைநீளம், ஒளியின் அளவு, சோதனை நடந்தது தட்டிலா, எலியிலா, மனிதரிடமா என்பதை மடங்குக் கணக்குக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். தலைப்பில் இடமில்லை என்றால் முதல் பத்தியிலாவது வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்