பைப்பர் ஓடையில் மீனுக்கு வழி திறந்தவர்களுக்கு நன்றி

கார்கீக் பூங்காத் தன்னார்வலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நவம்பர் நடுவில் ஒரு ஞாயிறு காலை, சியாட்டில் நகரின் வடமேற்கு மூலையில், கார்கீக் பூங்காவில் ஓடும் பைப்பர் ஓடைக் கரையில் என் மகளோடு நின்றிருந்தேன். முழங்கால் ஆழம்கூட இல்லாத நீரில், பக்கவாட்டில் கருங்கோடு ஓடிய பெண் சம் சால்மன் (கடலில் வளர்ந்து, முட்டையிட ஓடைக்குத் திரும்பும் மீன்வகை) ஒன்று, குறுக்கே கிடந்த கட்டைத் தடுப்பின் கீழே ஒதுங்கி நின்றது. இரண்டு முறை முயன்று பின்வாங்கிய அம்மீன், மூன்றாம் முறை தடுப்பின் நடுவிலிருந்த இடைவெளிக்குள் உடலை வளைத்துப் புகுத்தி மேலேறிவிட்டது. சில வாரங்களுக்கு முன்புவரை அந்த இடைவெளி சருகும் சுள்ளியும் மணலும் அடைத்துக் கிடந்தது. அதை நீங்கள் திறந்து வைத்திருந்ததால்தான் அன்று அம்மீன் மேலே போனது. என் நன்றியை அந்த இடைவெளியிலிருந்தே தொடங்குகிறேன்.

சம் சால்மன், கோஹோ சால்மனைப் போல உயரத் தாவும் மீன் அன்று. நாம் ஒரே எட்டில் தாண்டிப்போகும் சிறு படிகூட அதற்கு மதிலாகிவிடும். பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியிலிருந்து வரும் மீன்கள் ரயில் தண்டவாளத்தின் அடியில் செல்லும் குழாயைக் கடந்து, பிறகு ஒவ்வொரு தடுப்பாக ஏறியே முட்டையிடும் சரளைப் படுகையை அடைகின்றன. வழியில் ஓரிடம் அடைபட்டாலும் மூன்று நான்கு ஆண்டுகள் கடலில் வளர்ந்து திரும்பிய பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

மரம் வெட்டுதலாலும் நகரம் பெருகியதாலும் பல பத்தாண்டுகள் சால்மனே இல்லாதிருந்த ஓடை இது. இங்கே இன்று இலையுதிர்காலந்தோறும் மீன் திரும்புகிறதென்றால், அதில் சுக்குவாமிஷ் பழங்குடி மக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்கள் தரும் குஞ்சுகளை ஓடைநீர் பாயும் குட்டையில் இளவேனிலில் சில வாரங்கள் வளர்த்து, அந்நீரின் மணம் அவற்றின் நினைவில் பதிந்தபின் வெளியே விடுகிறீர்கள். அமெரிக்க அரசுடன் செய்த 1855ஆம் ஆண்டு உடன்படிக்கையில் தங்கள் மீன்பிடி உரிமையைக் காத்துக்கொண்டவர்கள் அவர்கள். மீனை மறிக்கும் சாலைக் குழாய்களை வாஷிங்டன் மாநில அரசு சரிசெய்தே ஆகவேண்டும் என்ற தீர்ப்பு 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் நிலைபெற்றதற்கு, பழங்குடி மக்கள் விடாமல் நடத்திய வழக்கே காரணம். அவர்களுக்கும் இம்மடல் வழியே தலைவணங்குகிறேன்.

பாதை திறந்தால் மட்டும் போதாது என்பதை எனக்குப் புரியவைத்தவர்களும் நீங்கள்தான். கார் டயர் தேய்ந்து மழைநீரில் கலக்கும் ஒரு வேதிப்பொருள் கோஹோவைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடுகிறது என்று 2020இல் ஆய்வாளர்கள் கண்டறிந்ததையும், அதே நீரைச் சம் சால்மன் தாங்கிக்கொள்வதையும் கொட்டும் மழையில் குடைகூட இல்லாமல் நின்று ஒருவர் எங்களுக்கு விளக்கினார். அவர் பெயரைக் கேட்கத் தவறிவிட்டேன். அவருக்கு என் தனிப்பட்ட நன்றி.

மீன் வரும் நாளில் கரையெங்கும் கூட்டம் நிற்கிறது. ஆனால் மீனே இல்லாத ஆகஸ்டு மாதத்தில் இடுப்பளவு ரப்பர்க் காலணியோடு இறங்கிக் கட்டைகளைப் புரட்டியவர்களையும், கரையை மூடிய ஐவிக் கொடியை வேரோடு பிடுங்கியவர்களையும், நிழலுக்காகத் தேவதாரு நாற்றுகளை நட்டு வாளியில் நீர் சுமந்த மாணவர்களையும் பார்த்தவர் சிலரே. என் மனத்தில் முதலில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

அடுத்த ஞாயிறு மீண்டும் போனோம். தடுப்புக்குச் சற்று மேலே ஒரு பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் சரளையை அடித்துக் குழி பறித்துக்கொண்டிருந்தது; வால் துடுப்பின் ஓரம் தேய்ந்து வெண்மையாகியிருந்தது. முன்பு பார்த்த அதே மீன்தான் என்று என் மகள் உறுதியாகச் சொல்கிறாள்.

இளவேனிலில் குட்டையில் குஞ்சுகளுக்கு இரை போடும் முறைப் பட்டியலில் எங்கள் இருவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
ஓடைக்கு அருகில் வசிக்கும் ஒரு தாய்