உட்கார ஓர் இடம் கொடுங்கள்: நவீனக் கலை அருங்காட்சியக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும் காட்சி வடிவமைப்புக் குழுவினருக்கும்,

வணக்கம். புதுப்பித்துத் திறந்த கூடங்களில் சுவரும் வெளிச்சமும் நன்றாகவே அமைந்திருக்கின்றன. ஆனால் வேலைக்காக அப்புறப்படுத்திய பெஞ்சுகள் திரும்பி வரவில்லை. பார்வையாளர் கருத்துப் புத்தகத்தில் இதுபற்றி எழுதப்பட்டவை உங்கள் மேசைக்கு வந்திருக்கும். ஆகவே நேரடியாகக் கேட்கிறோம்: ஒவ்வொரு கூடத்திலும் முதுகுச் சாய்வும் கைப்பிடியும் உள்ள ஓர் இருக்கையாவது, படங்களைப் பார்த்தபடி, வேண்டும்.

நடப்பதைவிட நின்று நின்று நகர்வதுதான் காலை வாட்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளும். படத்துக்குப் படம் நின்றால் அது நடக்காது. பாதம் வீங்கும், இடுப்பு கடுக்கும். உங்கள் கான்கிரீட் தரை காலுக்குக் கொஞ்சமும் இதமாக இல்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், பார்வையாளர் எப்படியெல்லாம் குனிந்து வளைந்து சிரமப்படுகிறார் என்பதைப் புகைப்படங்களோடு எழுதி, அதற்கு ‘அருங்காட்சியகச் சோர்வு’ என்று பெயரிட்டது 1916இல். நூறாண்டு தாண்டியும் இதை மன்றாடிக் கேட்க வேண்டியிருக்கிறது.

மிக மோசம் காணொளி அறைதான். படம் நாற்பது நிமிடம் ஓடும்; உட்கார மூன்று பேருக்கு மட்டும் ஒரு கறுப்புப் பெட்டி. வெளிச்சத்திலிருந்து நுழைபவரின் கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் ஆகும். அதற்குள் கறுப்புக் கம்பளத்தின் மேலுள்ள கறுப்புப் பெட்டியில் முழங்கால் இடிக்கும். இடம் கிடைத்து உட்கார்ந்துவிட்டாலும், முட்டிவலி உள்ளவரால் எழ முடியாது. எழும்போது குதிகாலைப் பின்னுக்கு இழுத்து ஊன்ற வேண்டும்; அடிவரை மூடிய பெட்டியில் அதற்கு இடமில்லை, அழுத்தி எழக் கைப்பிடியும் இல்லை. பக்கத்தில் இருக்கும் அந்நியரின் தோளைப் பிடித்துத்தான் எழ வேண்டும். இதற்கு அஞ்சியே பலர் வாசலில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

இருக்கையின் உயரம் 45 முதல் 48 செ.மீ. இருக்கட்டும். அடியில் காலியிடம், இரு பக்கமும் கைப்பிடி, விளிம்பில் வெளிர்நிறப் பட்டை, பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலி நிற்க இடம் இவையெல்லாம் வேண்டும். படம் எவ்வளவு நேரம், அடுத்து எப்போது தொடங்கும் என்பதை அறைக்கு வெளியே எழுதி வையுங்கள்.

இருக்கை பார்வையை மறைக்கும், அவசர வழியை அடைக்கும் என்பீர்கள். வழிக்குத் தேவையான அகலத்தை விட்டுவிட்டுக் கூடத்தின் நடுவில், முதுகோடு முதுகாக இரு பக்கமும் உட்காரும்படி தாழ்வான சாய்வுடன் போடலாம். பாரிஸின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் 1927 முதல் ஓவியர் மோனேயின் அல்லிக்குளப் படங்கள் இருக்கும் நீள்வட்டக் கூடங்களின் நடுவில் உட்கார்ந்து பார்க்கலாம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1971இல் திறந்த, ஓவியர் மார்க் ராத்கோவின் படங்கள் உள்ள ராத்கோ சிற்றாலயத்திலும் பெஞ்சுகள் உண்டு. அந்தப் படங்களின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை. நீங்கள் இரவல் தரும் மடக்கு முக்காலிக்கு நன்றி. ஆனால் அதற்குச் சாய்வு கிடையாது, கைத்தடி ஊன்றி நடப்பவரால் அதைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது.

சிற்றுண்டிச் சாலையில் மட்டும் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருப்பது எங்களைப் புண்படுத்துகிறது. நுழைவுச் சீட்டு வாங்கியவர், காபியும் வாங்கினால்தான் உட்காரலாமா? கூடத்துக் காவலர்களும் நாள் முழுக்க நிற்கிறார்கள். பார்வையாளருக்குக்கூட வீட்டுக்குப் போனால் ஓய்வு உண்டு. மறுநாளும் அதே தரையில் நிற்க வேண்டியவர்கள் அவர்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு நாற்காலி போடுங்கள்.

கோபத்தில் ஏதாவது கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருள வேண்டும். கேட்பது ஒன்றுதான்: கூடத்துக்கு ஓர் இருக்கையாவது, சாய்வோடும் கைப்பிடியோடும். அடுத்த காட்சி மாற்றத்துக்கான தள வரைபடத்தில், படங்களுக்கு இடம் ஒதுக்கும்போதே இருக்கைகளுக்கும் ஒதுக்குங்கள். வரைபடம் முடிவாகும் முன் கைத்தடியோடும் சக்கர நாற்காலியோடும் வரும் சிலரை அழைத்து, மாதிரி இருக்கையில் உட்காரவைத்து, எழவைத்துப் பாருங்கள். எந்தக் கூடத்தில் எப்போது இருக்கை வரும் என்பதை நுழைவாயில் பலகையில் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர்கள்